தசை மூன்று, இழுப்பு ஒன்று

"தசைத் திசு எலும்புத் தசை, இதயத்தசை, மென்தசை என மூன்று வகை என்று படித்தேன். வேறுபாடுகளை அட்டவணையாக மனப்பாடமும் செய்துவிட்டேன். ஆனால் ஒரே உடலுக்கு எதற்காக மூன்று வகை, இதயம் ஏன் களைப்பதில்லை, சிதைந்த தசை மீண்டும் வளருமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உடலியங்கியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். மனப்பாடம் போதவில்லை என்று உணர்ந்தவர்தான் இதைக் கேட்பார். உங்கள் அட்டவணையில் தவறு இருக்காது. ஆனால் அது வேறுபாடுகளில் தொடங்குகிறது. நான் ஒற்றுமையில் தொடங்குகிறேன்.

தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: சுருங்குவது. சுருங்கினால் இழுக்கும், தளர்ந்தால் விடும். தள்ளத் தெரிந்த தசை உடலில் எங்கும் கிடையாது. கதவை நீங்கள் தள்ளும்போதுகூட, மேற்கையின் பின்புறத் தசை முழங்கை எலும்பை இழுப்பதால்தான் கை நீள்கிறது. இதயம் இரத்தத்தைப் பீய்ச்சுவதும், குடல் உணவை நகர்த்துவதும், வெளிச்சம் பட்டதும் கண்ணின் பாவை குறுகுவதும், மயிர்க்கூச்செறியும்போது முடி நிமிர்வதும் இதே இழுப்புதான்.

அந்த இழுப்பை உண்டாக்கும் பொறியும் மூன்று வகையிலும் ஒன்றே. ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரதங்கள், அவற்றைத் தொடங்கிவைக்கும் கால்சியம், செலவுக்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு. இடத்துக்கு இடம் மாறுபவை வேறு: கட்டளை எங்கிருந்து வருகிறது, இழுப்பு எவ்வளவு விரைவாக வந்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், செல்கள் ஒன்றோடொன்று எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன. இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே வாருங்கள், அட்டவணையின் கட்டங்களை நீங்களே நிரப்பிவிடுவீர்கள்.

எலும்புத் தசையைத்தான் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதால் பொறியை அங்கே வைத்தே பார்ப்போம். நம் உடலில் பெயரிடப்பட்ட எலும்புத் தசைகள் 600க்கும் மேல். வளர்ந்த ஒருவரின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் இவைதான். பிட்டத்தில் இருக்கும் பெரிய தசையும் இந்த வகையே. நடுக்காதில் அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும், ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத நுண்ணிய தசையும் இந்த வகையே.

ஒரு தசையை வெளியிலிருந்து உள்நோக்கிப் பிரித்துக்கொண்டே போனால் கட்டுக்குள் கட்டாக இருக்கும். முழுத் தசையையும் இணைப்புத் திசுவாலான ஓர் உறை போர்த்தியிருக்கிறது. உள்ளே கற்றைகள், ஒவ்வொரு கற்றைக்கும் தனி உறை. கற்றைக்குள் தசையிழைகள், ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மெல்லிய உறை. மாணவர்கள் இந்த மூன்று உறைகளின் பெயர்களைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவை வெறும் பொட்டலக் காகிதம் என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இந்த உறைகளின் வழியேதான் உள்ளே நுழைகின்றன. தசையின் முனைக்கு வரும்போது மூன்றும் ஒன்றுகூடித் தசைநாணாகி எலும்பில் போய் ஊன்றுகின்றன. ஆயிரக்கணக்கான இழைகளின் தனித்தனி இழுப்பு ஒரே இடத்தில் எலும்பை அசைப்பது இதனால்தான்.

தசையிழை என்பது ஒரு செல். ஆனால் மற்ற செல்களைப் போல ஒன்று இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது அல்ல. கருவில் பல முன்னோடிச் செல்கள் வரிசையாக ஒட்டி, இடைச்சவ்வு கரைந்து, ஒரே நீண்ட உருளையாகின்றன. அதனால்தான் ஒரே இழையில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கின்றன, அவையும் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நிற்கின்றன. நடுவிடம் முழுவதும் இழுக்கும் நுண்ணிழைகளுக்கு விடப்பட்டிருக்கிறது. ஓர் இழையின் குறுக்களவு பொதுவாக 10 முதல் 100 மைக்ரோமீட்டர், நீளமோ பல சென்டிமீட்டர் வரை போகலாம்.

ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்ற சிறு அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட சரம். நுண்ணோக்கியில் தெரியும் கருமை வெண்மைப் பட்டைகள் இந்த அலகுகளின் ஒழுங்கு. 'வரித்தசை' என்ற பெயர் வந்தது இந்த வரிகளால். ஓய்வில் ஒரு சார்கோமியரின் நீளம் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நுண்ணிழையில் 2.5 மைக்ரோமீட்டர் அலகுகள் 40,000 இருக்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் குறுகினால் மொத்தம் 2 சென்டிமீட்டர். எலும்பின் மூட்டுக்கு அருகே 2 சென்டிமீட்டர் இழுத்தால் கையின் நுனி அதைப்போலப் பல மடங்கு தூரம் வீசி எழும். கண்ணுக்குத் தெரியாத அசைவு கண்ணுக்குத் தெரியும் செயலாவது இப்படிப் பெருகித்தான்.

சார்கோமியருக்குள் என்ன நடக்கிறது? நெடுங்காலம் புரதங்களே சுருண்டு மடிகின்றன என்று நம்பினார்கள். 1954இல் ஒரே ஆராய்ச்சி இதழின் ஒரே வெளியீட்டில், இரண்டு குழுக்கள் அதை மறுத்தன. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர். தசை சுருங்கும்போது கரும்பட்டையின் அகலம் அப்படியே இருக்கிறது, வெண்பட்டை மட்டும் குறுகுகிறது என்பதே அவர்கள் கண்டது. அப்படியானால் இழைகள் எதுவும் நீளம் குறைவதில்லை. தடித்த மயோசின் இழைகளுக்கு இடையில் மெல்லிய ஆக்டின் இழைகள் வழுக்கி உள்ளே போகின்றன. இரண்டு கைவிரல்களையும் கோத்து நெருக்கிப் பாருங்கள். விரல்களின் நீளம் மாறவில்லை, கைகளுக்கு இடையிலான தூரம் குறைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அறிவியல் விளக்கங்களில் இவ்வளவு எளிமையானவை மிகச் சிலவே.

வழுக்க வைப்பவை மயோசினின் தலைகள். ஒரு தடித்த இழையில் ஏறத்தாழ 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். தலை ஆக்டினைப் பற்றுகிறது, வளைந்து இழுக்கிறது, விடுகிறது, அடுத்த பிடிக்குப் போகிறது. ஒரு பிடிக்கு நகரும் தூரம் 5 முதல் 10 நானோமீட்டர் அளவுதான். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பிடித்து ஒரே நேரத்தில் விடுவதில்லை. சில பிடித்திருக்கும்போது சில விட்டிருக்கும். கயிறு இழுக்கும் கூட்டத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பிடியை மாற்றினால் கயிறு கைநழுவிவிடும் அல்லவா, அதே நியாயம்தான். இந்த இரண்டு இழைகளோடு டைட்டின் என்ற மூன்றாவது புரதமும் உண்டு. மனிதப் புரதங்களிலேயே மிகப் பெரியது அது. சுருள்வில்லைப் போல மயோசினை நடுவில் நிறுத்தி, அளவுக்கு மீறி நீளாமல் தசையைக் காக்கிறது.

ஏ.டி.பி. எங்கே செலவாகிறது என்று கேட்டால் 'இழுப்பதற்கு' என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். சரிதான், ஆனால் பாதிதான். ஆக்டினைப் பற்றிய தலை தன் பிடியை விடவும் புதிய ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று வந்து அதில் உட்கார வேண்டும். இதற்கான சான்று சாவில் இருக்கிறது. உயிர் போனபின் ஏ.டி.பி. தயாரிப்பு நின்றுவிடுகிறது. பிடித்த தலைகள் விட முடியாமல் அப்படியே நிற்கின்றன. சில மணி நேரத்தில் உடல் விறைக்கிறது. ஒன்றிரண்டு நாட்களில் புரதங்கள் சிதையத் தொடங்கிய பிறகே அந்த விறைப்பு தளர்கிறது.

இனிக் கட்டளை. எலும்புத் தசை தானாக அசையாது. மூளையிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ இயக்க நரம்பின் வழியே செய்தி வர வேண்டும். நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உமிழ்கிறது. அது தசையிழையின் ஏற்பிகளில் பட்டதும் மின் அலை (மின்னலை) எழுந்து, இழையின் மேற்பரப்பிலிருந்து உட்புறமாக ஓடும் நுண்குழாய்களில் இறங்குகிறது. உள்ளே கால்சியத்தைத் தேக்கி வைத்திருக்கும் வலைப்பைகள் திறக்கின்றன. ஓய்வில் ஆக்டின் மீதுள்ள பிடிமான இடங்களை ட்ரோபோமயோசின் என்ற நூல் மூடியிருக்கும். கால்சியம் அந்த நூலோடு இணைந்த ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டியதும் நூல் விலகுகிறது, மயோசின் தலைகளுக்கு வழி திறக்கிறது. பிறகு கால்சியம் பைகளுக்குள் திரும்ப இறைக்கப்படுகிறது. அந்த இறைப்புக்கும் ஏ.டி.பி. வேண்டும். தளர்வதும் செலவுள்ள வேலை என்பதை மறக்காதீர்கள்.

ஒரு நரம்புச் செல்லும் அது ஆளும் இழைகளும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. விழியை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்புக்குப் பத்துப் பன்னிரண்டு இழைகள்தான், நுணுக்கம் வேண்டுமே. தொடையின் பெரிய தசைகளில் ஆயிரம் இழைகள்கூட இருக்கலாம். அங்கே வேண்டியது வலிமை. தூக்கும் எடை கூடக் கூட உடல் முதலில் சிறிய அலகுகளையும் பிறகு பெரிய அலகுகளையும் களத்தில் இறக்குகிறது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பருக்காமலேயே வலிமை ஏறுவதற்கு இதுவே காரணம். அலகுகளைத் திரட்ட நரம்பு மண்டலம்தான் முதலில் கற்றுக்கொள்கிறது.

இழைகளிலும் மெதுவானவை, விரைவானவை என்று உண்டு. மெதுவான இழைகளில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபினும், செல்லுக்குள் ஏ.டி.பி. தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாக்களும் நிறைந்திருப்பதால் அவை சிவந்து, மணிக்கணக்கில் தளராமல் உழைக்கும். நிற்கும்போது உங்களைத் தாங்கும் கெண்டைக்காலின் ஆழத் தசையில் இவையே மிகுதி. விரைவான இழைகள் வெளிறியவை. பாய்ச்சலுக்கு ஏற்றவை, சீக்கிரம் ஓய்ந்துவிடும். பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும் வலி, பழக்கமில்லாத சுமையால், அதுவும் தசை நீண்டுகொண்டே தாங்கும்போது, ஏற்படும் நுண்சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே.

அசைவைத் தவிர எலும்புத் தசைக்கு இருக்கும் மற்றப் பணிகளைப் பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு, அதற்கும் குறைவாகவே, தசையில் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பம். குளிரில் நடுங்குவது அந்த வெப்பத்துக்காகவே தசையை இயக்கும் உத்தி. உணவுக்குப் பிறகு இன்சுலினின் தூண்டலால் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் குளுக்கோஸில் மிகப் பெரும் பங்கை வாங்கிக்கொள்வதும் இந்தத் தசைகள்தான். அசையாமலே கிடக்கும் தசை சர்க்கரை நோய்க்கு வழி விடுவதில் வியப்பில்லை.

இதயத்துக்கு வருவோம். இதயத்தசையிலும் வரிகள் உண்டு. எனவே 'வரி இருந்தால் நம் விருப்பத்துக்கு அடங்கும்' என்ற குறுக்குவழியை விட்டுவிடுங்கள். இங்கே செல்கள் குட்டையானவை, கிளை விட்டவை, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு உட்கருக்கள் கொண்டவை. ஒரு செல்லின் முனை அடுத்ததன் முனையோடு பொருந்தும் இடத்தில் படிக்கட்டு போன்ற இடைத்தட்டுகள் தெரியும். அந்தத் தட்டில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பலமான ஒட்டுகள் இழுப்பில் செல்கள் பிய்ந்துபோகாமல் பிடிக்கின்றன. நுண்ணிய வாயில்கள் மின்னலையை ஒரு செல்லிலிருந்து மறுசெல்லுக்குத் தடையின்றி விடுகின்றன. ஆகவே ஓரிடத்தில் எழுந்த துடிப்பு முழு அறையையும் ஒரே செல் போலச் சுருங்க வைக்கிறது. எலும்புத் தசை பாதி இழைகளோடு வேலை செய்யலாம், இதய அறை அப்படிச் செய்தால் இரத்தம் வெளியேறாது.

கட்டளையும் இங்கே உள்ளேயே பிறக்கிறது. வலது மேலறையின் சுவரில், 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் இருவரும் கண்டறிந்த சிறு முடிச்சுதான் தாளம் போடுகிறது. நரம்புகள் அந்தத் தாளத்தை விரைவாக்கலாம், மெதுவாக்கலாம். தொடங்கிவைக்க அவை தேவையில்லை. நரம்புத் தொடர்பு அறுந்த, மாற்றிப் பொருத்தப்பட்ட இதயம் துடிப்பதும் இதனால்தான்.

கால்சியத்தைப் பற்றி இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். வடித்த நீரில் கரைசல் தயாரித்தபோது துடிப்பு மங்கி நின்றுபோனது. குழாய் நீரில் தயாரித்திருந்த முந்தைய கரைசலில் அது நன்றாகத் துடித்திருந்தது. தேடியதில், குழாய் நீரில் கரைந்திருந்த கால்சியம்தான் வித்தியாசம் என்று தெரிந்தது. எலும்புத் தசைக்குத் தன் பைகளில் உள்ள கால்சியமே போதும். இதயச் செல்லுக்கோ ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைய வேண்டும், அந்தச் சிறு வரவுதான் உள்ளே இருக்கும் பெரிய சேமிப்பைத் திறக்கிறது.

ஏன் இதயம் களைப்பதில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்டிரியாக்களே நிரப்பியிருக்கின்றன. கொழுப்பு அமிலம், குளுக்கோஸ், தசைகள் வெளியேற்றும் லாக்டேட் என எதையும் எரித்துக்கொள்ளும். ஆனால் ஆக்சிஜன் இடைவிடாமல் வந்தாக வேண்டும், கடன் வைக்க முடியாது. மற்றொன்று, ஓய்வு அதன் மின்னமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எலும்புத் தசையின் மின்னலை சில மில்லிவினாடியில் முடிந்துவிடுவதால், சுருக்கம் தீரும் முன்பே அடுத்த கட்டளை வந்து இழுப்பின்மேல் இழுப்பு ஏறும். நாம் ஒரு சுமையைப் பிடித்துக்கொண்டே நிற்பது அப்படித்தான். இதயச் செல்லின் மின்னலை 200 முதல் 300 மில்லிவினாடி நீடிக்கிறது. அதற்குள் வரும் எந்தத் தூண்டலுக்கும் அது செவிசாய்க்காது. எனவே ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் தளர்ந்தே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,00,800 சுருக்கம், அதே அளவு தளர்ச்சி. ஓய்வில் தளர்ந்திருக்கும் நேரமே அதிகம். இதயம் உழைத்துக்கொண்டே இருக்கிறது என்கிறோம், உண்மையில் அது துடிப்புக்குத் துடிப்பு இளைப்பாறிக்கொண்டும் இருக்கிறது.

மூன்றாவதான மென்தசைக்கு உரிய மதிப்பை யாரும் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாளைய எண்ணம். இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, மூச்சுக்குழல்கள், இரத்தக் குழாய்கள் என உடலின் உள்ளீடற்ற உறுப்புகள் பெரும்பாலானவற்றின் சுவரில் இருப்பது இதுதான். செல்கள் நடுவில் பருத்து இருமுனையும் கூர்ந்த கதிர் வடிவம், ஒரே உட்கரு. வரிகள் இல்லை, ஏனென்றால் சார்கோமியர்கள் இல்லை. ஆக்டின் இழைகள் செல்லுக்குள் சிதறிய அடர்முடிச்சுகளில் கட்டப்பட்டு வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. நேர்கோட்டில் இழுக்கும் அமைப்பு பைகளுக்கும் குழாய்களுக்கும் பயன்படாது. நிரம்பும்போது பல மடங்கு விரியவும், காலியாகும்போது சுருங்கவும் இந்த வலைதான் ஏற்றது.

சாவி மாறுவதையும் கவனியுங்கள். இங்கே ட்ரோபோனின் கிடையாது. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியைத் தூண்டுகிறது, அந்த நொதி மயோசின் தலையில் பாஸ்பேட்டை ஒட்டிய பிறகே தலை வேலை தொடங்கும். படிகள் கூடியதால் வேகம் குறைவு. பதிலுக்குக் கிடைப்பது சிக்கனம். மிகக் குறைந்த ஏ.டி.பி.யில் பிடியை விடாமல் நீண்ட நேரம் நிற்கும் திறன் இதற்கு உண்டு. இரத்தக் குழாய்ச் சுவர் இரவும் பகலும் இறுக்கத்தைக் காப்பது எலும்புத் தசையின் செலவில் நடந்தால் உடல் தாங்காது. அந்த இறுக்கத்தின் விளைவோ பெரிது: சிறு தமனியின் ஆரம் பாதியானால், அழுத்தம் மாறாதபோது, அதன் வழியே ஓடும் இரத்தம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆஸ்துமாவில் இறுகுவதும் மென்தசையே. சால்பியூட்டமால் மருந்து மூச்சுக்குழலின் அந்த இறுக்கத்தைத்தான் தளர்த்துகிறது. தன்னியக்க நரம்புகள், ஹார்மோன்கள், சுவரின் நீட்சி, பக்கத்துச் செல்கள் விடும் நைட்ரிக் ஆக்சைடு என்று இதற்குக் கட்டளையிடுவோர் பலர். நம் விருப்பம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

கடைசியாக, சிதைந்த தசை வளருமா என்றீர்கள். இதிலும் மூன்றும் மூன்று விதம். எலும்புத் தசையிழைகள் பிரிந்து பெருகுவதில்லை. பயிற்சியில் தசை பருப்பது, பெரும்பாலும் இருக்கும் இழைகள் தடிப்பதால்தான். ஆனால் இழையின் ஓரத்தில் ஒட்டியபடி உறங்கும் துணைச்செல்களை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டார். காயம் பட்டால் அவை விழித்துப் பெருகி, இணைந்து, இழையைச் செப்பனிடுகின்றன. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாத குழந்தைகளின் தசைச்சிதைவு நோயில் சேதம் ஓயாமல் தொடர்வதால் இந்தப் பழுதுபார்ப்பு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. மெல்ல மெல்லத் தசையின் இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடிக்கின்றன. மென்தசைச் செல்களோ தேவைப்பட்டால் பிரிந்து பெருகவும் வல்லவை. கர்ப்ப காலத்தில் கருப்பைச் சுவரின் செல்கள் எண்ணிக்கையில் கூடுவதோடு பத்து மடங்கு வரை நீளவும் செய்கின்றன.

இதயத்தசை இந்த விஷயத்தில் மிகவும் ஏழை. எவ்வளவு ஏழை என்பதை அளந்த விதம் அருமையானது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவை உயர்த்தின, பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. செல் பிறந்த ஆண்டின் அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடுகிறது. அதை வைத்து ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் கணித்தது இது: 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீத இதயச் செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் 0.45 சதவீதம். வாழ்நாள் முழுவதிலும் பாதிகூட மாறுவதில்லை. மாரடைப்பில் இரத்தம் கிடைக்காமல் இறக்கும் செல்களின் இடத்தை இந்த வேகத்தால் நிரப்ப முடியாது, தழும்புதான் நிரப்புகிறது. தழும்பு இழுக்காது, மின்னலையையும் சரியாகக் கடத்தாது. நெஞ்சுவலியோடு வருபவரின் இரத்தத்தில் மருத்துவர்கள் தேடுவது ஆக்டினைக் காவல் காத்த அதே ட்ரோபோனினின் இதய வடிவத்தைத்தான். அது இருக்க வேண்டிய இடம் செல்லின் உள்ளே. இரத்தத்தில் அதன் அளவு மணிக்கு மணி ஏறினால், அங்கே இதயச் செல்கள் உடைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.